தாதி-யூர்த்: தெரெக் கரையில் இருந்த 200 வீடுகள்

1819 செப்டம்பர் நடுவில், ஒரு பகல்பொழுதுக்குள் தாதி-யூர்த் என்ற செச்சென் கிராமம் ரஷ்யப் படையால் அழிக்கப்பட்டது. ரஷ்யப் பேரரசு காக்கசஸ் மலைப்பகுதியைப் பிடிக்க நடத்திய போர்களில் எரிந்த கிராமங்களுக்குக் கணக்கே கிடையாது. அப்படியிருக்க இந்த ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டு படித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரை ஏன் அழித்தோம், யாரை மிரட்ட அழித்தோம், எத்தனை பேர் செத்தார்கள் என்பதை உத்தரவு போட்ட தளபதி யெர்மோலோவே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். இது மாதிரியான வன்முறைகளில் ஆவணத்தைத் தேடித்தான் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக அலைவார்கள். இங்கே ஆவணம் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கிறது. அதை வரி வரியாக நின்று படித்தவர்கள்தான் குறைவு.

முதலில் ஊர் எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கதையில் பாதி அந்த இடத்தால்தான் நடந்தது.

தெரெக் ஆறு ஜார்ஜியாவின் பனிமலைகளில் பிறந்து, 623 கிலோமீட்டர் ஓடி காஸ்பியன் கடலில் கலக்கிறது. மலைக்குள் இருக்கும்வரை அது பாறைகளை உருட்டிக்கொண்டு பாயும் ஆறு. வடக்கே சமவெளிக்கு வந்து கிழக்கே திரும்பியதும் அகலமாகி, வண்டலைச் சுமந்துகொண்டு கலங்கலாக ஓடுகிறது. பனி உருகும் கோடைக்காலத்தில்தான் அதற்கு வெள்ளம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. செப்டம்பரில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும், ஆனாலும் இறங்கி நடந்து கடக்கும் ஆறல்ல அது. இந்தச் சமவெளிப் பகுதியில், தென்கரையில், அதாவது வலது கரையில் தாதி-யூர்த் இருந்தது. இன்றைய வரைபடத்தில் தேடுகிறவர்கள் குதெர்மேஸ் மாவட்டத்தில் ஹாங்கிஷ்-யூர்த் என்ற கிராமத்தைப் பார்க்கலாம், அதன் பக்கத்தில்தான். யூர்த் என்றால் ஊர், துருக்கிய மொழிகளிலிருந்து செச்சென் மொழிக்கு வந்த சொல். தாதி என்பது ஆள் பெயர். ஆக, தாதியின் ஊர். ரஷ்யத் தளபதியின் எழுத்தில் இதுவே தாதன்-யூர்த் என்று வருகிறது.

ஊருக்குத் தெற்கே கச்கலிக் என்ற தாழ்வான குன்றுத்தொடர். அதன் அடிவாரத்தில் வேறு பல செச்சென் கிராமங்கள், அவற்றைச் சேர்த்து கச்கலிக் கிராமங்கள் என்பார்கள். கிழக்கே துருக்கிய மொழி பேசும் குமிக் மக்களின் சமவெளி. வடக்கே ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்ய எல்லைக்காவல் குதிரைவீரர்களான கொசாக்குகளின் குடியிருப்புகள். எதிரி என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாத அண்டை வீட்டார் அவர்கள். கிரெபென் கொசாக்குகள் என்ற இந்தப் பகுதிக் கொசாக்குகள் மலைமக்களைப் போலவே உடுத்தினார்கள், அவர்களுடைய குதிரைகளை வாங்கினார்கள், கரைக்கு அந்தப் பக்கம் குனாக் வைத்திருந்தார்கள். குனாக் என்றால் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வேண்டிய விருந்தாளி நண்பன். அதே ஆட்களுக்குள் குதிரைத் திருட்டும் நடந்தது, ஆள் கடத்தலும் நடந்தது, பழிவாங்கலும் நடந்தது. இரண்டும் சேர்ந்த வாழ்க்கை அது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆற்றை ஒரு போர்முனைக் கோடாகத்தான் நினைத்துக்கொள்வோம், அந்த மக்களுக்கு அது அப்படி இருக்கவில்லை.

ஆனால் ரஷ்யப் பேரரசுக்கு அது கோடுதான். இராணுவ மொழியில் அதற்குப் பெயரே "லைன்". ஆற்றுக்கு வடக்கே கொசாக் குடியிருப்புகள், காவல் கோபுரங்கள், கோட்டைகள் என்று ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலிக்கு நேர் எதிரே, ஆற்றின் கரையிலேயே இருந்ததுதான் தாதி-யூர்த்தின் தலைவிதி.

கோட்டைகளுக்கு வைத்த பெயர்கள்

1816இல் அலெக்சேய் யெர்மோலோவ் காக்கசஸின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். 1812இல் பொரொதினோவில் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டுப் பேர் வாங்கியவர், படித்தவர், கூர்மையாக எழுதக்கூடியவர். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் மலைத் தலைவர்களுக்குப் பணமும் பட்டமும் கொடுத்துச் சமாளித்தார்கள். அது கேவலம் என்று இவர் நினைத்தார். பயம் ஒன்றுதான் வேலைக்காகும் என்பது இவர் கொள்கை, அதை அவர் மறைக்கவும் இல்லை.

கோட்டைகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள். 1818இல் தெரெக்குக்குத் தெற்கே ஓடும் சுன்ஜா ஆற்றங்கரையில் கட்டியது குரோஸ்னயா, "கொடூரமானது" அல்லது "அச்சமூட்டுவது" என்று பொருள். அதுதான் இன்றைய குரோஸ்னி, செச்னியாவின் தலைநகரம். 1819இல் குமிக் சமவெளியில் எந்திரேய் அருகே கட்டியது வ்னெஸாப்னயா, "எதிர்பாராமல் வருவது". 1821இல் தாகெஸ்தானில் பூர்னயா, "புயல்". ஊர்க்காரர்கள் தினமும் வாயால் உச்சரிக்கப்போகும் பெயரிலேயே மிரட்டல்.

திட்டம் இதுதான்: தெரெக்குக்கும் சுன்ஜாவுக்கும் நடுவில் இருப்பவர்களை அடக்கி வைப்பது, அடங்காதவர்களை மலைப்பக்கம் துரத்துவது, கோட்டை வரிசையைத் தெரெக்கிலிருந்து தெற்கே தள்ளிக்கொண்டு போவது. கேட்பதற்கு எல்லைக்கோட்டை நகர்த்துவது போலத்தான் இருக்கும். ஆனால் செச்னியாவில் தானியம் விளைவது சமவெளியில். மலையில் இருப்பவனும் அந்தத் தானியத்தை நம்பித்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறான், ஆடுகளைக் குளிருக்குக் கீழே ஓட்டிக்கொண்டு வருகிறான். சமவெளியைப் பிடுங்கினால் மலை பட்டினி கிடக்கும். யெர்மோலோவுக்கு இது நன்றாகவே தெரியும்.

அந்த ஒரு பத்தி

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நினைவுக் குறிப்புகளில் தாதி-யூர்த்தைப் பற்றி வருவது நீளமான ஒரு பத்தி, அவ்வளவுதான். அதன் தர்க்கத்தை என் வார்த்தைகளில் அப்படியே தருகிறேன்.

கச்கலிக் கிராமத்தார்கள் எங்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களை அங்கிருந்து விரட்ட முடிவு செய்தேன் என்று தொடங்குகிறார். அந்தக் கிராமங்கள் தாக்குவதற்குக் கடினமான இடத்தில் இருக்கின்றன. வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருந்தால் செச்சென்கள் உயிரைக் கொடுத்துப் போரிடுவார்கள், நமக்கு இழப்பு அதிகமாகும். அவர்களாகவே குடும்பங்களை வெளியேற்றிவிட்டால் வேலை சுலபம். அப்படி வெளியேற்ற வைக்க ஒரே வழி, கண்ணெதிரே ஒரு பயங்கரத்தின் உதாரணம். ஆகவே தோன் கொசாக் படையின் மேஜர்-ஜெனரல் சிசோயெவிடம், தெரெக் கரையில் இருக்கும் தாதன்-யூர்த்தைச் சூழ்ந்துகொள்ளச் சொன்னேன். மக்களை ஊரை விட்டுப் போகச் சொல்ல வேண்டும், எதிர்த்தால் யாருக்கும் இரக்கம் காட்டாமல் ஆயுதத்தால் தண்டிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்த வேண்டும். குதிரைகளை ஓட்டிப் போனதாகச் சொல்வது கச்கலிக் கிராமங்களை. அழிக்கச் சொல்வது தாதி-யூர்த்தை. ஒருவர் செய்ததாகச் சொன்ன குற்றத்துக்கு இன்னொருவருக்குத் தண்டனை, அதுவும் முதலாமவரைப் பயமுறுத்துவதற்காக. பத்தியின் கடைசியில் அவருக்கே இது பத்தாது என்று தோன்றியிருக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்கள்தான் கொள்ளையர்களிலேயே பெரியவர்கள், லைனுக்கு மிக அருகில் இருந்ததால் இவர்கள் பங்கில்லாமல் ஒரு திருட்டும் நடக்காது என்று பின்னால் சேர்த்துக்கொள்கிறார். நியாயம் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது; திட்டம் முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கான உண்மையான காரணம் அது ஆற்றங்கரையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதே என்று நான் நினைக்கிறேன். ஆற்றைக் கடந்தால் ஊர். மலை ஏற வேண்டாம், காடு வெட்ட வேண்டாம்.

சரி, அன்று என்ன நடந்தது?

தேதியிலேயே ஒரு சின்ன முரண். யெர்மோலோவ் செப்டம்பர் 14 என்கிறார், பிற்காலத்தில் எழுதப்பட்ட போர் வரலாற்றில் 15. இரண்டுமே பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி, நம் கணக்கில் பன்னிரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். கபர்தின்ஸ்கி காலாட்படை ரெஜிமெண்டின் பிரிவுகள், அவசரத்தில் திரட்ட முடிந்த கொசாக்குகள், பீரங்கிகள், எல்லாம் ஊரைச் சுற்றி வளைத்தன. வெளியேறச் சொன்னார்கள். ஊர் மறுத்தது.

அந்த மறுப்பைப் புரிந்துகொள்ள அந்த நிலத்தில் குடியிருப்பவனாக யோசித்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் மாதம். அறுவடை வீட்டுக்கு வந்திருக்கும் அல்லது வந்துகொண்டிருக்கும். போ என்றால் எங்கே போவது? மலைக்கு. குளிர்காலம் இரண்டு மாதத்தில். தானியத்தையும் வீட்டையும் விட்டுவிட்டுக் குழந்தைகளோடு மலைக்குப் போவது என்பது மெதுவாகச் சாவது. தவிர, முற்றுகையிட்டவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வீட்டை விட்டு நடந்தால் அதன் பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடம் இருக்காது. இது செச்சென் வாழ்க்கையில் சும்மா வாய்வார்த்தை கிடையாது.

ஏறக்குறைய எல்லா வீட்டு முற்றத்தையும் சுற்றி உயரமான அடைப்பு இருந்தது என்று யெர்மோலோவ் எழுதுகிறார். அதனால் ஊரை மொத்தமாகப் பிடிக்க முடியவில்லை, முற்றம் முற்றமாகத் தாக்க வேண்டியிருந்தது. சிப்பாய்கள் உள்ளே நுழைந்தபோது, மனைவி எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்று அவர்கள் கண்ணெதிரிலேயே மனைவியைக் கொன்ற ஆண்கள் இருந்தார்கள். குத்துவாளோடு சிப்பாய்கள் மேல் பாய்ந்த பெண்கள் பலர் இருந்தார்கள். இதெல்லாம் பாட்டு கட்டியவர்கள் சொன்னதில்லை, தாக்கியவர் எழுதியது. பகலின் பெரும்பகுதி சண்டை நடந்தது. அதிகாரிகளைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட இருநூறு பேர் தங்கள் தரப்பில் செத்தோ காயப்பட்டோ போனார்கள் என்றும், அதுவரை எந்த மோதலிலும் இவ்வளவு இழப்பு கண்டதில்லை என்றும் சொல்கிறார்.

எதிர்த்தரப்பில் ஆயுதம் ஏந்தியவர்கள் அனைவரும் ஒழிக்கப்பட்டார்கள், நானூறு பேருக்குக் குறையாது. பெண்களும் குழந்தைகளுமாகச் சிறைப்பட்டவர்கள் 140 பேர் வரை. அவர்களைச் சிப்பாய்கள் மனமிரங்கிக் கொல்லாமல் விட்டார்கள் என்கிறார். அதையடுத்து, அடைப்புக்குறிக்குள் போடுவது போல, இதைவிட மிக அதிகமானவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் அல்லது பீரங்கியாலும் தீயாலும் வீடுகளுக்குள்ளேயே மாண்டார்கள் என்று ஒரு வரி. அப்புறம் ஊரில் இருந்தது 200 வீடுகள், அடியோடு இடிக்கப்பட்டது என்று கணக்கை முடித்துவிடுகிறார்.

அந்த "மனமிரங்கி" என்ற இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். யாருக்கும் இரக்கம் காட்டாதே என்பது உத்தரவு. அப்படியென்றால் அந்த 140 பேர் உயிரோடு இருந்தது உத்தரவை மீறியதால். பெயர் தெரியாத சில சிப்பாய்கள், கொன்றுகொண்டிருந்த கைகளை ஏதோ ஒரு முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். தளபதி அதைத் தன் படையின் கருணையாக எழுதிக்கொள்கிறார், ஆனால் அவர் உத்தரவு அப்படியே நிறைவேறியிருந்தால் எழுதுவதற்கு அந்த வரியே இருந்திருக்காது.

எண்களையும் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம். 200 வீடு, 400 ஆயுதம் ஏந்திய ஆண்கள், வீட்டுக்கு இரண்டு பேர். அப்படியானால் வீட்டில் இருந்த பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எத்தனை பேர்? நீங்களே ஒரு குடும்பத்தை மனதில் வைத்து எண்ணிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் மிஞ்சியது 140. "மிக அதிகமானவர்கள்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடைபட்டுக் கிடக்கிறது என்று அப்போது தெரியும்.

நாற்பத்தாறு பேர்

யெர்மோலோவின் பத்தியில் இல்லாத ஒன்று செச்சென்களின் நினைவில் முதலில் வருகிறது. சிறைப்பட்ட பெண்களைப் படகில் ஏற்றித் தெரெக்கின் மறுகரைக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றின் நடுவில் 46 இளம்பெண்கள் பக்கத்தில் நின்ற காவல்காரர்களை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தார்கள், இவர்களும் மூழ்கினார்கள், அவர்களும் மூழ்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த செய்தி இது. இன்று செச்னியாவில் பள்ளிக்கூடக் குழந்தைகளுக்குக்கூட 46 என்ற எண் தெரியும்.

இது நடந்ததா என்று கேட்பவர்கள் உண்டு, தளபதி எழுதவில்லையே என்பார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். தளபதி எழுதாததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அவர் அந்தப் படகில் இல்லை, தவிர கைதிகளைக் கொண்டுபோகும் வழியில் காவலர்களோடு சேர்த்து இழந்தோம் என்பது எந்த இராணுவமும் பெருமையாக எழுதக்கூடிய செய்தியும் இல்லை. அதே நேரம், 46 என்ற எண்ணை ஆவணத்தில் உள்ள 140 போன்ற எண்ணாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது நினைவு காத்து வைத்த எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றையொன்று மறுக்கவில்லை: 140 பேரில் 46 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு. குத்துவாளோடு சிப்பாய் மேல் பாய்ந்த பெண்கள் இருந்த ஊர் என்று எதிரியே எழுதியிருக்கும்போது, அதே ஊர்ப் பெண்கள் படகில் என்ன செய்திருப்பார்கள் என்பதைப் பற்றிய வாய்வழிச் செய்தியை ஒதுக்கித் தள்ளுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

செச்சென் வழக்கத்தில் ஆண்கள் அடித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு பெண் தன் தலைத்துணியை அவிழ்த்து நடுவில் போட்டால் சண்டை நின்றுவிட வேண்டும். அப்படிப்பட்ட ஓர் ஊரில் பெண்களைப் பிடித்து வண்டியில் ஏற்றுவது, படகில் ஏற்றுவது என்பது என்னவாக உணரப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

உதாரணம் வேலை செய்ததா?

தளபதியின் பார்வையில், உடனடியாக, ஆமாம். தாதன்-யூர்த்தின் உதாரணம் எங்கும் பயத்தைப் பரப்பியது, இனி எங்கேயும் பெண்களையும் குடும்பங்களையும் காணமாட்டோம் என்ற எதிர்பார்ப்போடுதான் அக்டோபரில் கச்கலிக் கிராமங்களின் மேல் போகிறார். ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கிராமங்கள் வீழ்ந்தன. வெந்நீர் ஊற்றுகளால் "சூடான தண்ணீர்" என்று பெயர்பெற்ற இஸ்தி-சூவில் மட்டும் கடுமையான எதிர்ப்பு இருந்தது.

ஆறு வருடம் கழித்துப் பாருங்கள். 1825இல் செச்சென் தலைவர் பெய்புலாத் தைமியெவ் தலைமையில் செச்னியா முழுக்கக் கிளர்ச்சி. அந்த ஆண்டு கெர்ஸெல்-ஔல் கோட்டையில், கூட்டி வைத்த பெரியவர்களின் ஆயுதங்களைப் பறிக்கப்போன இடத்தில் ஒருவர் குத்துவாளை எடுத்து கிரேகோவ், லிசானேவிச் என்ற இரண்டு ரஷ்ய ஜெனரல்களையும் குத்திச் சாய்த்தார். 1827இல் யெர்மோலோவ் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். கிழக்குக் காக்கசஸில் போர் 1859 வரை நீண்டது. பயத்தால் மக்களை மலைக்குத் துரத்தினார், துரத்தப்பட்டவர்கள் அடுத்த நாற்பது வருடம் மலையிலிருந்து போரிட்டார்கள். தாதி-யூர்த் ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் பொய். ஆனால் சமவெளியில் சமாதானமாக இருந்தாலும் இதுதான் கதி என்பதை ஆற்றங்கரைக் கிராமத்தார் ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுத்த நாள் அது.

இரண்டு குழந்தைகள்

இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தைகளில் ஒன்றுக்கு அப்போது மூன்று வயது இருக்கலாம். இறந்துகொண்டிருந்த தாயின் அருகில் கிடந்ததாகச் சொல்வார்கள். யெர்மோலோவ் அதை ஸாஹர் நெதொனோசொவ் என்ற கொசாக்கிடம் வளர்க்கக் கொடுத்தார். அவர் பெயரிலிருந்துதான் பையனுக்கு ஸாஹரோவ் என்ற பெயர் வந்தது: பியோத்ர் ஸாஹரோவ். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்து யெர்மோலோவின் உறவினர், அவரும் ஜெனரல்தான், பையனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பையன் கையில் கிடைத்ததையெல்லாம் வரைந்துகொண்டிருந்தான். மாஸ்கோவில் ஓவியப் பாடம், பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் பேரரசின் கலை அகாதமி. 1830களில் ரஷ்யக் கவிஞர் லெர்மொன்தொவின் உருவப்படத்தை வரைந்தவர் என்று இவரைச் சொல்வார்கள். இராணுவ அமைச்சகத்தில் உட்கார்ந்து ரஷ்யப் படைகளின் சீருடைகளைப் படம் வரையும் வேலையும் பார்த்தார். தன் ஊரை இடித்த படையின் பொத்தான்களையும் பட்டிகளையும் வரைந்த கை அது.

1843இல் அகாதமி அவருக்கு அகாதமிஷியன் பட்டம் கொடுத்தது. எந்தப் படத்துக்கு என்றால், யெர்மோலோவின் உருவப்படத்துக்கு. பதவி போய்ப் பதினாறு வருடமாக மாஸ்கோவில் ஒதுங்கி வாழ்ந்த வயதான ஜெனரல், பின்னால் இருண்ட காக்கசஸ் மலைகள். ஓவியர் அந்த முகத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். என்ன நினைத்துக்கொண்டு வரைந்தார் என்று எழுதி வைக்கவில்லை, அதனால் நானும் ஊகிக்கப்போவதில்லை. ஆனால் அவர் கையெழுத்தைப் பார்க்கலாம். படங்களில் "செச்சென்களில் ஒருவன்" என்ற பொருளில் எழுதுவார். சில இடங்களில் "தாதாயூர்த்ஸ்கி", தாதி-யூர்த்துக்காரன், என்றும் போட்டார். 1842இல் வரைந்த தன்னுருவப்படத்தில் புர்க்கா என்ற காக்கசஸ் கம்பளி மேலங்கி போர்த்தி, ஆட்டுரோமத் தொப்பி வைத்து, உறையில் போட்ட துப்பாக்கியோடு நிற்கிறார், முழுக்க மலைக்காரன் கோலம். மூன்று வயதில் அந்த மண்ணைவிட்டுப் போனவர். 1846இல் கல்யாணம் ஆனது, அதே வருடம் மனைவியும் அவரும் காசநோயில் இறந்தார்கள். வயது முப்பது.

இன்னொரு குழந்தை பாத்தா ஷாமுர்ஸாயெவ். இவரும் தாதி-யூர்த்தில் சிறைபிடிக்கப்பட்டு ரஷ்யப் பிரபு வீட்டில் வளர்ந்தவர், ரஷ்ய அதிகாரியானவர். வளர்ந்தபின் அங்கிருந்து ஓடி, ரஷ்யருக்கு எதிரான மலைமக்களின் போரை நடத்திய இமாம் ஷமீலிடம் சேர்ந்து, அவருடைய நாயிப், அதாவது ஒரு பகுதியின் தலைவர் ஆனார். பிறகு ஷமீலோடும் ஒத்துவராமல் 1851இல் மறுபடி ரஷ்யர் பக்கம் வந்தார். ஸாஹரோவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இவரைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. இரண்டு பக்கமும் இவரை முழுமனதாகத் தன் ஆள் என்று கொண்டாட முடியாது. எனக்கு இவர் கதைதான் தாதி-யூர்த்துக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது.

சிலைகள்

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஊரின் நினைவு எப்படி அலைக்கழிக்கப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944 பிப்ரவரி 23 அன்று செச்சென், இங்குஷ் மக்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் இல்லாத குரோஸ்னியில் 1949இல் யெர்மோலோவுக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 1957இல் மக்கள் திரும்பி வந்தபோது தெருவில் அந்தத் தலை நின்றுகொண்டிருந்தது. பலமுறை அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஒவ்வொரு முறையும் அரசு திரும்ப நிறுத்தியது. 1989இல்தான் நிரந்தரமாக அகற்றப்பட்டது. இதே யெர்மோலோவுக்கு ரஷ்ய நகரங்களான பியாதிகோர்ஸ்க்கில் 2010இலும் ஓரியோலில் 2012இலும் புதுச் சிலைகள் எழுந்தன.

மறுபக்கம், 2009இல் செச்னிய அரசு செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது ஞாயிறைச் செச்சென் பெண்கள் தினமாக அறிவித்தது, தாதி-யூர்த் பெண்களின் நினைவாக. 2013 செப்டம்பரில் ஹாங்கிஷ்-யூர்த் அருகே நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ரஷ்யச் சிப்பாய்களைக் கொன்றவர்களுக்கு நினைவுச்சின்னமா என்று ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினார், அந்த ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றக் கட்டடத்திலேயே கைகலப்பு வரை போனதாகச் செய்திகள் வந்தன.

நினைவுச்சின்னம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே அரசு, 1944 நாடுகடத்தலின் நினைவுநாளை பிப்ரவரி 23இலிருந்து மே 10க்கு மாற்றியது. அழிக்கப்பட்ட செச்சென் கல்லறைக் கற்களைச் சேர்த்து 1990களில் குரோஸ்னியில் கட்டியிருந்த நினைவிடத்தையும் 2014இல் அங்கிருந்து பிரித்தெடுத்தது. இருநூறு வருடத்துக்கு முந்தைய துக்கத்துக்கு அனுமதி உண்டு, பாட்டி தாத்தா நேரில் பட்ட துக்கத்துக்குத் தேதியை மாற்றிக்கொள்ள வேண்டும். தாதி-யூர்த்தைப் பற்றி அங்கே நடக்கும் விழாக்களைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஸாஹரோவின் பெயரைத் தாங்கிய குரோஸ்னி ஓவிய அருங்காட்சியகமும் 1990களின் ரஷ்ய-செச்சென் போரில் சிதைந்தது, படங்கள் பல காணாமல் போயின, கிழிந்துபோய்க் கிடைத்தவற்றை மாஸ்கோவில் வைத்துச் சீர்செய்தார்கள்.

ஊர் திரும்பக் கட்டப்படவில்லை. பக்கத்துக் கிராமத்தில் மக்கள் இருக்கிறார்கள், வயல் இருக்கிறது, தெரெக் அதே கலங்கலோடு கிழக்கே போகிறது. 1957இல் செச்சென்-இங்குஷ் குடியரசை மறுபடி அமைத்தபோது ஆற்றுக்கு வடக்கே இருந்த நௌர்ஸ்கி, ஷெல்கோவ்ஸ்கோய் மாவட்டங்களையும் அதோடு இணைத்தார்கள். ஆகவே அந்தப் பெண்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோன மறுகரையும் இன்று செச்னியாதான்.